நூலகர் எடுத்துத் தரும் அடுத்த புத்தகம்

அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல், புத்தகத்துக்குள் நுழையக் கதை, பாத்திரம், களம், மொழி என நான்கு வாசல்கள் உண்டு என்பார். நல்ல நூலகர் முதலில் கவனிப்பது, நாம் எந்த வாசலில் நிற்கிறோம் என்பதை. எழுதியவரின் நிறம் அதற்குப் பிறகுதான். களத்தில் தோய்பவருக்கு என். கே. ஜெமிசினின் ‘தி ஃபிஃப்த் சீசன்’. நிலநடுக்கத்தை அடக்கத் தெரிந்தவர்களையே அஞ்சி ஒடுக்கும் உலகம் அது, என்னவொரு கற்பனை! அதில் தொடங்கும் வரிசையின் மூன்று நாவல்களும் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து அறிவியல் புனைவு, மிகுபுனைவுக்கான ஹியூகோ விருது பெற்றன. சரித்திரக் காதல் கேட்பவருக்குப் பெவர்லி ஜென்கின்ஸின் ‘இண்டிகோ’ (1996). தப்பி வரும் அடிமைகளுக்கு உதவும் கறுப்பினப் பெண்ணின் வீட்டுக்குக் காயம்பட்ட ஒருவன் வருகிறான். ஆபத்தின் நடுவே காதல் மெல்ல வளர்கிறது.

இருவரும் கறுப்பின எழுத்தாளர்கள். இவர்களைப் போன்றோரின் நூல்களைப் பரிந்துரைப்பது பன்மை என்ற பெயரில் நடக்கும் திணிப்பு என்பவர்கள் உண்டு. நூலகத்தில் திணிக்க வழி ஏது? பிடிக்காவிட்டால் பத்தாம் பக்கத்திலேயே மூடித் திருப்பித் தரலாம், காசும் போகாது. தரம் குறையும் என்ற கவலைக்கு அந்த மூன்று விருதுகளே பதில். விளம்பரம் பெற்ற நூல்கள் தாமாகவே வாசகரைத் தேடி வந்துவிடும். மற்றவற்றைப் படித்து நினைவில் வைத்து, உரியவரிடம் சேர்க்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.