பட்டத்துக்குப் போதுமானது பட்டறைக்குப் போதுமா?

கொழும்பில் கணினியோ கைத்தொழில் முகாமைத்துவமோ படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு எடுக்கும் தலைப்புகளில் வேலைத்தல இடர் மதிப்பீட்டுச் செயலியும் ஒன்று. எடுப்பதற்குக் காரணம் உண்டு. இன்னதுக்கு உதவும் என்று வீட்டாருக்கும் விளங்கப்படுத்தலாம். போய்ப் பார்க்க ஒரு கடையோ பட்டறையோ தெரிந்தவர் மூலம் கிடைத்துவிடும். நிரலாக்கமும் ஒரு கல்வியாண்டுக்குள் அடங்கும். அமைப்பும் பெரும்பாலும் ஒன்றே: ஆபத்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண், பாதிப்பின் கடுமைக்கு 1 முதல் 5 வரை இன்னோர் எண், இரண்டையும் பெருக்கி வரும் மதிப்பெண், அதற்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு, முடிவில் அச்சிடத்தக்க ஓர் அறிக்கை.

இங்கே எடைபோடப்படுவது தனியொரு மாணவரின் வேலையல்ல, இந்த அமைப்பு. செயலி ஓடுகிறதா, திரை அழகாக இருக்கிறதா என்பவை பரீட்சகரின் கேள்விகள். என் கேள்வி ஒன்றுதான்: இது பயன்படும் இடத்தில், காயப்பட இருந்த ஒருவர் காயப்படாமல் தப்புவாரா?

முதலில் இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் 1972இல் வெளிவந்த ரொபன்ஸ் அறிக்கையும் அதைத் தொடர்ந்த 1974ஆம் ஆண்டுச் சட்டமும், அரசு ஒவ்வொரு யந்திரத்துக்கும் விதி எழுதுவதை விட்டு, ஆபத்தை அடையாளம் கண்டு குறைக்கும் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைத்தன. 1989இல் ஐரோப்பிய சமூகத்தின் பணிப்பாணை இடர் மதிப்பீட்டைச் சட்டக் கடமையாக்கியது. 2018 மார்ச்சில் வெளியான ஐ.எஸ்.ஓ. 45001 என்ற சர்வதேசத் தரநிலை அதே சிந்தனையை உலகெங்கும் கொண்டுபோனது. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் இடர் மதிப்பீட்டுப் படிவத்துக்குப் பின்னால் பரிசோதகர், தொழிற்சங்கம், நீதிமன்றம், காப்புறுதிக் கம்பனி எல்லாம் நிற்கின்றன.

நம்மிடம் இருப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. யந்திரத்துக்கு வேலி, கொதிகலனுக்குப் பரிசோதனை, ஆளுக்கு இத்தனை இடம் என்று வரையறுப்பதே அதன் போக்கு. அதை எழுதியவர்களின் மனக்கண்ணில் வெள்ளவத்தை நூல் ஆலையைப் போன்ற ஒன்று இருந்திருக்கும். 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்ற வேலைநிறுத்தத்தால் பேர்போன ஆலை அது. அந்த ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அதைச் சுற்றி இன்றைக்கு வேலை நடப்பது சைவக் கடைக் குசினியிலும், தையல் கடையிலும், புடைவைக் கடையின் களஞ்சிய அறையிலும். ஆலைக்கு எழுதிய சட்டம் இங்கே தடுமாறுகிறது. அந்த இடைவெளிக்குள் மாணவரின் செயலி தனியாக வந்து நிற்கிறது, பின்னால் ஒருவரும் இல்லாமல். ஆகவே அதன் உள்ளடக்கம் கூடுதல் உறுதியாக இருந்தாக வேண்டும்.

இருக்கிறதா? எண்ணிலிருந்து தொடங்குவோம். ஐந்துக்கு ஐந்து அட்டவணையில் 25 கட்டங்கள். பெருக்கிப் பார்த்தால் கிடைப்பவை 14 எண்கள்தான். 7, 11, 13 போன்றவை வரவே வராது. இது சின்னக் குறை. பெரிய குறை வேறு. ‘4’ என்ற கடுமை ‘2’ என்ற கடுமையைப்போல் இரண்டு மடங்கு என்று யாரும் அளந்து வைக்கவில்லை; அவை வரிசை காட்டும் எண்கள், பெருக்குவதற்கானவை அல்ல. செட்டியார் தெரு நகைக் கடைகளுக்கு நகை செய்துகொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பற்றவைக்கும்போது பத்தருக்கு விரலில் சூடு படுவது அன்றாடம்: வாய்ப்பு 5, கடுமை 1, ஆக 5. காற்றோட்டமில்லாத அதே அறையில் காஸ் கசிந்து தீப்பிடிப்பது அரிது: வாய்ப்பு 1, கடுமை 5, ஆக 5. கொப்புளமும் சாவும் ஒரே மதிப்பெண், ஒரே நிறம்.

இதைக் கணித ரீதியாகக் காட்டியவர் லூயிஸ் அந்தனி கொக்ஸ். 2008இல் ‘ரிஸ்க் அனலிசிஸ்’ ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: வாய்ப்பும் கடுமையும் எதிரெதிராக நகரும் இடங்களில் இத்தகைய அட்டவணை, கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்வதைவிட மோசமான முடிவைத் தரக்கூடும். வேலைத்தலங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்கள்தாம். சிறு காயம் அடிக்கடி, பெருங்காயம் அபூர்வம். ஆக, இந்தக் கருவி எங்கே பலவீனமோ அங்கேயே அதைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

அடுத்தது, வாய்ப்பை எதை வைத்துக் கணிப்பது என்ற கேள்வி. பெரும்பாலான செயலிகள் கடந்த காலத்தைக் கேட்கின்றன: இங்கே இது எத்தனை தடவை நடந்திருக்கிறது? காலி வீதிச் சைவக் கடைக் குசினி ஒன்றில் 2021 ஒக்டோபரில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், காஸ் சிலிண்டருக்கு 1 என்று பதில் வந்திருக்கும். பொய்யில்லை, நடந்ததே இல்லை. அடுத்த இரண்டு மாதங்களில் நாடெங்கும் சமையலறைகளில் அடுப்பும் சிலிண்டர் இணைப்பும் வெடித்தன. ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டரில் புரோப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதை முதன்மைக் காரணமாகக் கண்டது. குசினியில் அதே சமையற்காரர், அதே அடுப்பு, அதே குழாய். ஆபத்து வெளியே எங்கோ எடுத்த முடிவொன்றோடு உள்ளே வந்தது. போன வருடப் பதிவேட்டைப் பார்த்து எண் போடும் கருவிக்கு இது தெரிய வழியே இல்லை.

பதிவேடு என்றாலும் எந்தப் பதிவேடு? கட்டளைச் சட்டப்படி தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியவை, சாவும், மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வரவிடாமல் செய்யும் விபத்தும். மறுபடி பட்டறைக்குப் போவோம். பொன்னைச் சுத்திகரிக்க நைத்திரிக் அமிலத்தைச் சூடாக்கும்போது செம்பழுப்புப் புகை எழும். அதை இழுத்தவருக்கு அந்த நேரம் இருமலும் கண்ணெரிவும்தான். பல மணி நேரம் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். அது நெஞ்சு வருத்தம் என்றே பேசப்படும். பட்டறையின் கணக்கில் ஏறாது. ‘விபத்துகள்: 0’ என்று தட்டச்சு செய்த மாணவரில் பிழையில்லை. அந்தப் பூச்சியத்தை நம்பும்படி செய்த வடிவமைப்பில்தான் பிழை.

மூன்றாவது, எல்லைக் கோடு. புறக்கோட்டையில் நாட்டாமைமார் சுமக்கும் 50 கிலோ மூட்டையைச் செயலியில் போட்டால் என்ன நிறம் வரும்? சர்வதேசத் தொழில் தாபனம் 1967இல் தந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரத்துக்கு 55 கிலோவை உச்சமாக வைத்தது. அந்தக் கோட்டை வைத்தால் மூட்டை பச்சை. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1991இல் திருத்திய தூக்கற் சமன்பாடு 23 கிலோவில் தொடங்குகிறது. எட்டித் தூக்கினால், திரும்பித் தூக்கினால், அடிக்கடி தூக்கினால் என்று ஒவ்வொரு காரணமும் அதைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. அந்தக் கணக்கில் 50 கிலோ, மிக வசதியான நிலையிலும் எல்லையின் இரண்டு மடங்குக்கு மேல்: கடும் சிவப்பு. அந்தச் சமன்பாடு இரு கையால் தூக்குவதற்கானது. முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பதற்கு அது பொருந்தாது என்பது இன்னொரு சங்கடம். எந்தக் கோட்டைத் தெரிவு செய்வது என்பது நிரலாக்கத்தில் ஒரு வரி. நாட்டாமையின் முதுகெலும்பு தேய்வதும் தேயாததும் அந்த வரியில் இருக்கிறது. ஆகவே, ஏன் இந்தக் கோடு என்று அறிக்கையில் ஒரு பக்கமாவது வாதாடியிருக்க வேண்டும். வாதமில்லாமல் வைத்த எல்லை, எவ்வளவு துல்லியமாகத் தெரிந்தாலும், வெறும் விருப்பம்.

நான்காவதும் முக்கியமானதும்: யார் பதில் சொல்கிறார்? மாணவர் கடைக்குப் போனால் முதலில் சந்திப்பது முதலாளியை, இல்லாவிட்டால் மனேஜரை. இடைமுகம் ஆங்கிலத்தில் என்றால் பதில் சொல்பவரும் அவராகவே ஆகிவிடுகிறார். மரப்படியின் எந்தப் படி ஆடும், எந்த ஆளியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும், எந்த நேரத்தில் கண் செருகும் என்பதெல்லாம் தெரிந்த பொடியன் பின்பக்கம் வேலையில் நிற்கிறான். முதலாளி பக்கத்தில் நிற்க அவனைக் கேட்டாலும் “எல்லாம் ஓகே அண்ணா” என்றுதான் சொல்வான். அவனுக்கு நாளைக்கும் வேலை வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைத்தலப் பாதுகாப்பு முகவரகம் சிறு நிறுவனங்களுக்காக இலவசமாக நடத்தும் ஓய்ரா என்ற இணையக் கருவியை இதோடு ஒப்பிடலாம். தொழில்நுட்பத்தில் அது நம் மாணவரின் செயலியைவிட எளிமையானது. ஆனால் தொழிலுக்குத் தொழில் வேறு வேறு கேள்விகள். முடிதிருத்தும் நிலையத்துக்கென்று தனிப்பட்டியல் உண்டு. கேள்விகளை முதலாளிமார் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்திருந்து எழுதுவதே அதன் வழக்கம். ‘இது சரியாக இருக்கிறதா, இல்லையா’ என்று கேட்டு, இல்லை என்றால் யார், எப்போதைக்குள், என்ன செய்வார் என்ற திட்டத்துக்குக் கொண்டுபோகிறது. அதன் பலம் நிரலுக்கு முன் நடந்த பேச்சில் இருக்கிறது.

கடைசிச் சோதனை, அறிக்கைக்குப் பிறகு நடப்பது. 2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டியவில் இறப்பர் தொழிற்சாலை ஒன்றின் அமோனியாத் தொட்டியில் ஒருவர் விழுந்தார். காப்பாற்ற முயன்றவர்களும் மாண்டார்கள். மொத்தம் ஐந்து உயிர். அட்டவணைச் செயலி ஒன்று அங்கே இருந்திருந்தால், தொட்டி பட்டியலில் ஏறியிருக்கும் என்றே வைப்போம். வாய்ப்பு 1, கடுமை 5. பரிந்துரைப் பெட்டியில் முகமூடி, கையுறை என்று வந்திருக்கும், ஏனென்றால் எழுதச் சுலபமானது அதுதான். பாதுகாப்புத் துறையின் படிநிலையில் அணியும் கவசம் கடைசிப் படி. ஆபத்தை நீக்குவதும், மாற்றுப் பொருளைப் பயன்படுத்துவதும், ஆளையும் ஆபத்தையும் பிரித்து வைப்பதும் அதற்கு முந்தியவை. விழுந்தவருக்குப் பின்னால் ஒருவரும் இறங்கக் கூடாது என்ற கட்டளையும், வெளியிலிருந்தே இழுத்தெடுக்கக் கயிறும், ஒத்திகையும் இருந்தால் சாவு ஒன்றோடு நின்றிருக்கலாம். பெருக்கல் கணக்கில் இதற்கு இடமில்லை.

மறுதரப்பு வாதங்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். மாணவரிடம் பணமில்லை, அதிகாரமில்லை, நேரமும் இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் இதாவது இருக்கட்டுமே என்பது முதல் வாதம். பாதி சரி. செயலியின் முதற்பாதி, அதாவது ஆபத்துகளைத் தேடிப் படமெடுத்துப் பட்டியலிடுவது, உண்மையாகவே உதவும். அடுத்த வருடம் வருபவர் என்ன மாறியது என்று ஒப்பிடலாம். பெயர் சொல்லாமல் முறையிட ஒரு வழியைத் தொழிலாளியின் கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம். கடதாசிப் படிவத்தால் அது முடியாது. பிற்பாதி, அதாவது மதிப்பெண்ணும் நிறமும், ஒன்றுமில்லாததைவிடக் கெடுதலாகலாம். பச்சை நிற அறிக்கை முதலாளியின் கையில் ஒரு நற்சான்றிதழாகிவிடும். நாளை ஒரு விபத்து நடந்தால், ‘பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து பார்த்துச் சரி என்றார்கள்’ என்று நீட்டுவதற்கு அது போதும்.

இது படிப்புக்காகச் செய்வதுதானே, இவ்வளவு கடுமை வேண்டுமா என்பது இரண்டாவது வாதம். படிப்புக்கான தராசிலும் குறை இருக்கிறது. பயன்பாட்டு எளிமையை அளக்க ஜோன் புரூக் 1986இல் வடிவமைத்த பத்துக் கேள்வி வினாக்கொத்தை வகுப்புத் தோழர்களிடம் கொடுத்து, வந்த புள்ளியை ‘மதிப்பாய்வு’ அத்தியாயத்தில் போடுவது எளிய வழி. பொத்தான் எங்கே என்று தெரிந்ததா என்பதை அது சொல்லும். ஆபத்து எங்கே என்று தெரிந்ததா என்பதைச் சொல்லாது. சரியான சோதனைக்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒரே பட்டறைக்கு இரண்டு பேரைத் தனித்தனியே அனுப்பி, இருவரின் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். அனுபவமுள்ள ஒரு பத்தர் சொல்லும் ஆபத்துகளில் எத்தனையைச் செயலி தவறவிட்டது என்று எண்ணலாம். சில வாரம் கழித்துப் போய், சொன்னவற்றில் எது திருத்தப்பட்டது என்று குறித்துவரலாம்.

ஆகவே என் முடிவு இது. மாணவர் கற்றுக்கொள்ளும் பயிற்சி என்ற அளவில் இந்த அமைப்பு தேறும். ஒரு வேலைத்தலத்தைக் கூர்ந்து பார்க்கப் பழக்குகிறது. வேலைத்தலத்தில் விட்டுவரும் கருவி என்ற அளவில் இன்றைய வடிவில் தேறாது. தேற வேண்டுமானால் மூன்று மாற்றங்கள் தேவை. பெருக்கல் மதிப்பெண்ணைக் கைவிட்டு, உயிர்போகக்கூடிய ஆபத்துகளை, எவ்வளவு அரிதானாலும், தனியே மேலே வைக்க வேண்டும். முதற்பதில் தமிழிலோ சிங்களத்திலோ தொழிலாளியிடமிருந்து, முதலாளி இல்லாத இடத்தில் வர வேண்டும். அறிக்கையின் முடிவில் நிறத்துக்குப் பதிலாக, திருத்த வேண்டிய வேலை, பொறுப்பானவரின் பெயர், திகதி மூன்றும் இருக்க வேண்டும்.

இவை மூன்றுமே நிரலாக்கத்துக்குச் சிரமமானவை அல்ல. சிரமம் பட்டறைக்குள் போய் நிற்பதிலும் பேச்சுக் கொடுப்பதிலும் இருக்கிறது. அந்தச் சிரமத்துக்குப் புள்ளி கொடுக்கும் இடம் மதிப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால் மாணவர் படத் தயங்க மாட்டார். எனவே முதலில் திருத்த வேண்டியது செயலியை அல்ல, அதற்குப் புள்ளி போடும் தாளை. பரீட்சகர்கள் அடுத்த தொகுதி மாணவர் முன்மொழிவு எழுதுவதற்கு முன் அதைச் செய்தால் போதும்.