விநயமும் வியாகரணமும்

ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத உட்காரும் நம்மவர், கேட்கவேண்டிய விஷயத்தைவிட, 'கேன் யூ' என்பதா, 'குட் யூ' என்பதா என்ற சந்தேகத்திலேயே அதிகப் பொழுதைப் போக்குகிறார். இந்தச் சிரத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். 'வா', 'வாருங்கள்' என்னும் இரு வடிவங்களே தமிழில் மரியாதையின் பெரும்பகுதியைச் சுமந்துவிடுகின்றன; ஆங்கிலமோ 'தௌ' என்ற ஒருமைச் சொல்லைப் பொது வழக்கிலிருந்து நழுவவிட்டு, எஜமானனுக்கும் ஏவலாளுக்கும் 'யூ' என்ற ஒன்றையே வைத்துக்கொண்ட பாஷையாதலால், விநயத்தின் பாரத்தை வினைச்சொல்லின் மீது ஏற்றவேண்டியதாயிற்று. 'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகால உருவமே. ஆயினும் வேண்டுகோளில் அது சென்ற காலத்தைக் குறிப்பதில்லை. காரியத்தைச் சற்றே எட்ட வைத்து, கேட்கப்படுபவர் மறுப்பதற்கும் இடம்விட்டு நிற்கிறது. ஆகவே இலக்கணம் இங்கே வெறும் அலங்காரமன்று.

'வுட் யூ மைண்ட்' என்பதையே பாருங்கள். ஆட்சேபம் உண்டா என்பது அதன் பொருளாதலால், இசைவுக்கு விடை 'நோ' என்பதாகும். 'யெஸ்' என்று மலர்ந்த முகத்தோடு சொல்லிக்கொண்டே நாற்காலியை நகர்த்திக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நாற்காலி நகர்ந்துவிட்டபடியால் யாருக்கும் நஷ்டமில்லை.

குறை எங்கே வருகிறதென்றால், விதியைக் காப்பதே விநயத்தைக் காப்பதாகும் என்று எண்ணுமிடத்தில்தான். தன்மையில் 'ஷுட் பீ கிரேட்ஃபுல்' என்பதே சுத்தம், 'வுட்' வழு என்று ஒரு காலத்தில் வற்புறுத்தினார்கள். ஆனால் 1906-இல் வெளிவந்த 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' என்ற நூலில், 'ஷால்', 'வில்' பேதம் தென் இங்கிலாந்தில் பிறந்தவருக்கே இயல்பாய் வருவது, பிறர் கற்பது அரிது என்று நூலாசிரியர்களான ஃபௌலர் சகோதரர்களே ஒப்புக்கொண்டார்கள். சொந்த நாட்டிலேயே பாதிப்பேருக்கு எட்டாத நியமத்தை நாம் நெட்டுருப் போட்டோம். இன்று 'வுட்' என்று எழுதுவதை அங்கே எவரும் பிழையாகக் கொள்வதில்லை.

மறுபுறம், 'ப்ளீஸ் ஸெண்ட் தி மணி டுமாரோ' என்ற வாக்கியத்தில் இலக்கண ஆசிரியர் ஒரு புள்ளியும் மாற்றமாட்டார். ஆயினும் அது கட்டளையே. தங்களுக்குப் பிரியமானால் என்று பொருள்பட்ட முழுத் தொடர் தேய்ந்து நின்ற மிச்சமே 'ப்ளீஸ்'. அதைக் கட்டளையின் தலையில் ஒட்டிவிடுவதால் மட்டும் மறுக்கும் உரிமை எதிராளிக்கு வந்துவிடாது. 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்ற நம் காரியாலயத் தொடரும் அவ்விதமே: இலக்கணத்தில் பழுதில்லை, செய்யவேண்டியது இன்னதென்ற செய்தியும் இல்லை.

என் அபிப்பிராயத்தில், பெறுபவர் சங்கடமின்றி மறுத்தெழுத இடமிருக்கிறதா என்பதே முதற் சோதனை. இலக்கணம் அதற்கு அடுத்தது. அன்பர்கள் தம் பழைய கடிதங்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். 'ப்ளீஸ் கைண்ட்லி' என்று இரண்டும் சேர்ந்து வந்திருந்தால், ஒன்றைத் தாராளமாக அடித்துவிடலாம்.