பெயர் தொலைந்த நெகட்டிவ்கள்

பெரியத்தையின் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். செய்யாறில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. ஆரணிப் பட்டில், நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார். அட்டையின் பின்னால் ஓர் எண். காப்பி வேண்டுமென்றால் அந்த எண்ணைச் சொன்னால் போதும், நெகட்டிவைத் தேடியெடுத்துப் போட்டுத் தருவார்கள். படம் வெளிறத் தொடங்கியதும் அப்பா அந்த எண்ணோடு கடைக்குப் போனார். "அதெல்லாம் வெள்ளி எடுக்கறவங்க கிலோ கணக்குல வாங்கிட்டுப் போய்ட்டாங்க சார்" என்றார்களாம். பெயர் எழுதிவைத்த நோட்டு அதற்கும் முன்பே பழைய பேப்பரோடு போயிருந்தது.

இந்த ஆத்திரம் ஆறாமல்தான், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மின்படியாக்கிய தமிழக ஸ்டூடியோ படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, ஸோயி ஹெட்லி முன்னின்று நடத்திய வேலை. அரிய வேலை, சந்தேகமே இல்லை. கண்ணாடி நெகட்டிவைச் சுரண்டிக் கழுவி, சாமி படத்துக்குக் கண்ணாடியாகப் போட்ட ஊர்கள் நம்முடையவை. அசிடேட் ஃபிலிமோ நம் வெக்கையில் காடி வாடை அடித்துச் சுருங்கிவிடும். இவர்கள் போயிருக்காவிட்டால் அத்தனையும் போயிருக்கும்.

ஆனால் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போகும்போது ஒரு கேள்வி விடாமல் வருகிறது: யார் இவர்கள்? இதே நிறுவனம் 1956 முதல் சேர்த்த கோயில், சிற்பப் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அங்கே துவாரபாலகருக்கு ஊர் உண்டு, கோயில் உண்டு. ஸ்டூடியோ திரைக்கு முன்னால் நிற்கும் மனுஷிக்குப் பெயர் இல்லை.

ஸ்கேன் செய்தவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நோட்டுதான் எப்போதும் முதலில் தொலைகிறது. என் சண்டை, நெகட்டிவை வெறும் படமாக எண்ணும் பழக்கத்தோடு. ஓரத்தில் கீறிய எண், வைத்திருந்த உறை, கணக்கு நோட்டு எல்லாம் சேர்ந்ததுதான் நெகட்டிவ். இன்னொன்றும் இருக்கிறது. முகப்பகுதியில் டச்சிங் செய்பவர் பென்சிலால் தீட்டுவார், பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கறுப்பைக் கறுப்பாலேயே வெளுக்க வைத்த வித்தை! கணினியில் பாசிட்டிவாக மாற்றியதை மட்டும் காட்டினால் இந்தப் பென்சில் வேலை கண்ணுக்குப் படாது. எங்கள் படத்தில் பெரியத்தை சிவப்பு. நிஜத்தில் நல்ல கறுப்பு என்பார் அப்பா.

நோட்டு போனாலும் அதன் மறுபாதி வீடுகளில் கிடக்கிறது, ஆல்பங்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் அட்டைகளின் பின்பக்க எண்களாக. கடை நெகட்டிவையும் வீட்டு அட்டையையும் ஊர் ஊராக, எண் வைத்துப் பொருத்துவதுதான் இனி செய்ய வேண்டியது. கேமரா நன்கொடையை விட இதற்குக் கால்தேய நடக்கும் ஆட்கள் வேண்டும், அதுவும் சீக்கிரம். பெரியத்தையை அடையாளம் காட்ட இன்று அப்பா ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு 81.

போன வாரம் அட்டையைக் கொடுத்து, எண்ணுக்குக் கீழே பெயரை எழுதச் சொன்னேன். பேனாவை நீட்டியதும் தள்ளிவிட்டார். "பென்சில் கொடுடா. மை முன்னாடி ஊறி முகத்துல எறங்கிடும்."