குறி உதிர்க்கும் நிரல்

ஆய்வாளர்கள் முல்லைத்தீவை ரோமன் எழுத்தில் எழுதும்போது, ‘தீ’யின் நெடிலுக்காக ஆங்கில ‘ஐ’யின் தலையில் ஒரு கோடு கிடக்கும், கிளிநொச்சியின் ‘ளி’க்கு ‘எல்’லின் காலடியில் ஒரு புள்ளி. விசைப்பலகையில் இவற்றைத் தேடிப் பிடிக்க யாருக்குப் பொறுமை? அந்தக் குறிகளை உதிர்த்து வெற்றெழுத்தைத் தரும் சின்ன நிரல்தொகுப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில் எழுத்தையும் குறியையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. பிறகு குறியை மட்டும் கழிக்கிறது. இரணைமடு மீனில் சதை கலையாமல் முள்ளெடுக்கும் விரல்களின் பக்குவம் அதில் உண்டு. கோடு போட்ட பெயரும் போடாத பெயரும் ஒரே தேடலில் வந்து நிற்கும்போது மனம் குளிர்கிறது.

அதன் நிதானம் தெரிவது தமிழிடம் வரும்போதுதான். ஒருங்குறியில் நம் மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியும்கூட அந்தக் கோடு, புள்ளிகளின் வகையிலேயே சேர்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் வன்னி ‘வனனி’ ஆகிவிடும். முல்லைத்தீவு ‘முலலைததவு’ என்று குலைந்துபோகும். நன்றாக எழுதிய நிரலோ எந்த மொழியின் எழுத்து என்று முதலில் பார்க்கிறது. ரோமன் எழுத்தில் மட்டும் கைவைத்து, தமிழைத் தொடாமல் விடுகிறது. தேடுபொறி செய்கிற தம்பி தங்கைகளே, ஊர்ப்பெயர்ப் பட்டியலை ஏற்றுமுன் ‘வன்னி’ என்று கொடுத்து ஒருக்கால் ஓட்டிப் பாருங்கள்.