‘வறுமை’ என்று எழுதினால் போதுமா?

படிவம் இரண்டு, மூன்று மாணவர்களிடம் ஒரு சிறுகதையைக் கொடுத்துக் கருப்பொருள் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றைச் சொல்தான் வரும்: வறுமை, தாய்ப்பாசம், ஒற்றுமை. குறியீடு என்றால், “விளக்குன்னா அறிவு சார், இருட்டுன்னா அறியாமை” என்று மனப்பாடப் பட்டியல் ஓடும். கதையைப் படிக்காமலே சொல்லிவிடக்கூடிய பதில்கள் இவை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை எடுத்துக்கொள்வோம். அவர் 1950களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். நமக்கு அந்நியர் அல்லர்.

யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பணக்கார வீட்டு ராமசாமியும் போட்டி போடுகிறார்கள். தீபாவளி நெருங்கும் வேளையில், எச்சில் இலையில் சாப்பிடும் அநாதைச் சிறுவன் ஒருவன் அந்த ஏழை வீட்டுக்கு வந்து சேர்கிறான். பெயர் ராஜா. தாயம்மாள் அவனுக்குச் சாப்பாடு போடுகிறாள், குளிப்பாட்டுகிறாள், கணவனுக்கென்று எடுத்து வைத்த துண்டையும் கொடுத்துவிடுகிறாள். தன் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று ராமசாமி பெருமை பேசும்போது, எங்கள் வீட்டுக்கும்தான் வந்திருக்கிறான் என்கிறாள் சிறுமி மங்கம்மாள்.

இதன் கருப்பொருள் ‘வறுமை’ என்று எழுதினால் தவறில்லை. ஆனால் அந்தச் சொல் கதையின் பின்னணியை மட்டும்தான் தொடுகிறது. முடிவைத் தொடவே இல்லை. ‘ஏழைகளுக்கு உதவ வேண்டும்’ என்பது படிப்பினை, அதுவும் பொருந்தவில்லை. இங்கே உதவுவதே ஓர் ஏழைதான். மங்கம்மாளும் திடீரென்று ஞானியாகிவிடவில்லை. பழைய போட்டியில்தான் இன்னும் நிற்கிறாள், ஜெயிக்கப் பார்க்கிறாள். ஆனால் இந்த முறை அவள் பெருமையாகக் காட்டுவது ஒரு பொருளை அல்ல, ஒரு மனிதனை. கதை திரும்பும் இடம் அதுதான்.

இப்போது குறியீட்டுக்கு வாருங்கள். ‘ராஜா’ எதைக் குறிக்கிறது என்று நேராகக் கேட்காதீர்கள். பிள்ளைகள் பட்டியலுக்கு ஓடிவிடுவார்கள். மூன்று சின்னக் கேள்விகள் போதும். இந்தச் சொல் யாரையெல்லாம் சுட்டுகிறது? சிறுவன் வந்தபோது அந்தப் பெயர் எப்படி ஒலித்தது? முடிவில் மங்கம்மாள் சொல்லும்போது எப்படி ஒலிக்கிறது? முதலில் கேலி மாதிரி பொருந்தாமல் நின்ற பெயர், கடைசியில் பொருந்திவிடுகிறது. நடுவில் நடந்தது என்ன? சாப்பாடு, குளியல், துண்டு. அந்தத் துண்டும் அப்படித்தான். கடையில் இருக்கும்வரை அது வெறும் துணி. யாருக்காக எடுத்தது, யாருக்குப் போனது என்று தெரிந்த பிறகே அதற்குக் கனம் வருகிறது. குறியீட்டுக்குப் பொருளைக் கொடுப்பது கதைக்குள் நடக்கும் செயல்தான்.

பிறகு கருப்பொருளை ஒரு முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். ‘ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒருவனை ராஜாவாக நடத்த முடியும்’ என்று ஒரு மாணவர் எழுதலாம். இன்னொருவர் வேறு மாதிரி எழுதலாம். இரண்டுக்கும் சோதனை ஒன்றே: கதையின் முடிவை அந்த வாக்கியம் விளக்குகிறதா? கதையிலிருந்து இரண்டு சான்று காட்ட முடிகிறதா?

தேர்வுக்குப் போகும் மாணவர்களே, முதலில் ஒரு வரியில் கருப்பொருள், அடுத்து சான்று, அதன்பின் அந்தச் சான்று எப்படிப் பொருந்துகிறது என்ற விளக்கம். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் அறிமுகமில்லாத கதை வந்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. தீபாவளிக்குப் புதுச்சட்டை கிடைக்காத பிள்ளை நம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கலாம். ‘வறுமை’ என்று பலகையில் எழுதி அடிக்கோடு போட்டால், அந்தப் பிள்ளை ஓர் உதாரணமாகிப் போகும். மங்கம்மாளின் பதிலைப் படித்தால், தலை நிமிர்ந்து உட்காரும்.