உண்மையும் வாய்மையும்: ஒரு சொற்பொருள் ஆய்வு

உள்ளத்தான் அமைவது உண்மை, வாயான் அமைவது வாய்மை, மெய்யான் அமைவது மெய்மை என்னும் விளக்கம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் பயின்று வருகின்றது. கேட்டற்கினிய இவ்விளக்கம் சொல்லிலக்கணத்திற்கும் நூல் வழக்கிற்கும் பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

வெள் என்பது மை விகுதி பெற்று வெண்மை ஆயினாற்போல, உள் என்பது உண்மை ஆயிற்று. இவ்வடி அகத்தைக் குறிப்பதென்பார் உளர். ஆயின், உண்மைக்கு எதிர்ச்சொல்லாவது இல் என்னும் அடிப்பிறந்த இன்மையே. இன்மை இல்லாதிருத்தலாயின், உண்மை உளதாதலேயன்றோ? சென்னிமலைக்கு அணித்தான சீனாபுரத்தார் எனக் கருதப்படும் பவணந்தியார், தொல்காப்பியர் பொதுவினையாகக் கூறிய இல்லை என்பதனோடு உண்டு என்பதனையும் சேர்த்தோதினார். இவ்விரண்டும் இணையெனல் இதனாலும் விளங்கும்.

வள்ளுவர் 571, 1055, 1153ஆம் குறள்களில் உண்மை என்பதனை உளதாதற் பொருளிலேயே ஆள்கின்றார். வாய்மைக்கென வகுத்த 30ஆம் அதிகாரத்திலோ இச்சொல் ஓரிடத்தும் இல்லை. அவ்வதிகாரத்திலேயே உள்ளத்தாற் பொய்யாமையும் (294), மனத்தொடு பொருந்திய வாய்மையும் (295) பேசப்படுகின்றன. வாய்மை வாயளவில் நிற்பதாயின் இவற்றிற்கு ஆண்டு இடம் யாது? மெய்ப்பொருள் (355, 423) என்புழி மெய் உடம்பன்று என்பதும் வெளிப்படை.

தீமை பயவாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் தரும் இலக்கணம் (291). குற்றமற்ற நன்மை பயப்பின் பொய்யும் அதன்பாற்படும் (292). எனவே, வாய்மை அறம்பற்றியது, உண்மை இருப்புப்பற்றியது. உருசிய மொழியிலும் ப்ராவ்தா, இஸ்தினா என இரு சொற்கள் உள. முன்னது நேர், சரி என்னும் பொருளடியிற் பிறந்தது. இடைக்காலச் சட்டத்தொகுப்பொன்று 'ருஸ்காயா ப்ராவ்தா' எனவே பெயர் பெற்றது. பின்னது உள்ளது உள்ளவாறாதலைச் சுட்டும். ஈண்டு நாம் காண்பது மொழியினவுறவு அன்று, எண்ணத்தின் ஒப்புமையே.

சென்னிமலை முதலிய கொங்கு ஊர்களின் பேச்சில் வழங்கும் 'நெசம்', நிஜம் என்னும் வடசொல்லின் திரிபு. தனக்குரியது, இயல்பானது என்பதே அவ்வடசொல்லின் முதற்பொருள். ஒருவற்கு இயல்பாய் உள்ள அறிவை 373ஆம் குறள் உண்மையறிவு என்றல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

முற்கூறிய முப்பகுப்பு ஒழுக்க அறிவுரையாக நிற்றற்கு உரியதே. அதனையே சொற்பிறப்பாகக் கற்பிப்பின், உள்ளதைக் கூறலினும் தீங்கின்றிக் கூறலையே வாய்மைக்கு இலக்கணமாக்கிய வள்ளுவர் துணிபு மாணாக்கர்க்குப் புலப்படாதொழியும்.