ரத்தத்துல சாதி தெரியுமா?

வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த தலித் மக்களிடமே பிறகு ரத்தம் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளியாக்கப் பார்க்கிறார்கள் என்று பலர் தர மறுத்தார்கள். கடைசியில் 31 பேரின் மரபணு சோதிக்கப்பட்டது. ஒன்றும் பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. 2025 ஜனவரியில் செல்போன் பதிவுகளைக் காட்டி அந்த ஊர் தலித்துகள் மூவர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த நாட்களில் எங்கள் சேரியில் ஒரு பெரியம்மா என்னைக் கேட்டாள்: "ஏய்யா, ரத்தத்தப் பாத்தா என்ன சாதின்னு தெரிஞ்சுபோயிருமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது அவ்வளவு லேசான பதில் இல்லை என்பது தடய அறிவியல் ஆய்வுகளில் வரும் மரபணு அட்டவணைகளைப் படித்தபோதுதான் உறைத்தது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அட்டவணையும் ஒரு பிரதிதான். யாரைப் பற்றியது, எதைச் சொல்லாமல் விட்டது என்று அதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

விசயம் இதுதான். மரபணு இழையில் சில இடங்களில் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒருத்தருக்கு எட்டுத் தடவை, இன்னொருத்தருக்குப் பதினோரு தடவை. ஒவ்வோர் இடத்திலும் தாய் வழியில் ஓர் எண், தகப்பன் வழியில் ஓர் எண். அமெரிக்க எஃப்.பி.ஐ. முதலில் 13 இடங்களைப் பார்த்தது. 2017 முதல் 20 இடங்கள். ஓரிடத்து எண்கள் பத்தில் ஒருவருக்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு இடம் சேர்ந்தால் நூற்றில் ஒருவர், மூன்று சேர்ந்தால் ஆயிரத்தில் ஒருவர். இப்படிப் பெருக்கித்தான் நீதிமன்றத்தில் 'கோடியில் ஒருவர்' என்கிறார்கள். பொருந்தவில்லை என்று சொல்ல அட்டவணை வேண்டியதில்லை. பொருந்துகிறது என்றால் அது எவ்வளவு அபூர்வம் என்று சொல்லத்தான் அட்டவணை.

அந்தப் 'பத்தில் ஒருவர்' கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். அதனால் இந்திய ஆய்வுகள் சாதிப் பெயர்களையும் பழங்குடிப் பெயர்களையும் வரிசையாக அடுக்கி எண்களை நிரப்புகின்றன. 2006இல் வந்த ஓர் ஆய்வில் இப்படி 54 கூட்டங்கள். 'அகமணக் குழு' என்ற ஒரே சொல்லோடு நம் வரலாறு முடிந்துவிடுகிறது. அகமணம் மழை மாதிரி தானாகப் பெய்ததா? சாதியின் சாரமே அகமணம்தான், அதைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் பால்ய மணமும் பெண்கள் மேல் சுமத்தப்பட்டன என்று 1916இலேயே கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் விளக்கிவிட்டார். சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே கலப்பு பரவலாக நடந்தது, பிறகுதான் நின்றது என்று 2013இல் ஐதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் மரபணுவிலிருந்தே கண்டார்கள். ஆக, அட்டவணையில் தெரியும் வித்தியாசம் மறிக்கப்பட்ட கல்யாணங்களின் கணக்கு. காதலித்ததற்காக வெட்டப்பட்ட நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

அந்த வித்தியாசமும் சின்னதுதான். மனித வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972இல் லெவொன்டின் கணக்கிட்டார். இந்த எண்களை வைத்து ஆளை அடையாளம் காணலாம். அவர் சாதியை உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய கூட்டத்தின் சராசரி உட்குழுக்களை மறைத்துவிடும் என்று லெவொன்டினும் ஹார்ட்லும் 1991இல் எச்சரித்தார்கள். 1996இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு இதற்குத் திருத்த எண் சொன்னது: பொதுவாக 0.01, சிறிய தனித்த கூட்டங்களுக்கு 0.03. அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்த சேரியில் ஒரே எண்கள் பலருக்கு இருக்கும். 'கோடியில் ஒருவர்' என்பது அந்நியர்களுக்கான கணக்கு. அண்ணன் தம்பிக்கு அது செல்லாது. பாதி அழிந்த மாதிரி என்றால் இன்னும் மோசம். போலீஸ் சேரிக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போவது அண்ணன் தம்பிகளைத்தானே?

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் உயிரியல் மாதிரிகளையும் எடுக்க இடம் தருகிறது. பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம். குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுப் பிறப்பையே குற்றத்துக்குச் சாட்சியாக்கிய நாடு இது. வழக்கறிஞர் தோழர்கள் கேட்க வேண்டும்: எந்தக் கூட்டத்தின் அட்டவணை? எத்தனை பேரிடம் எடுத்தது? உறவு முறையைக் கணக்கில் சேர்த்தீர்களா? கோப்பில் சாதிப் பெயர் எதற்கு?

பெரியம்மாவிடம் மறுபடி போய்ச் சொன்னேன்: "ரத்தத்துல சாதி இல்ல பெரியம்மா. சாதி பேரச் சொல்லித் தடுத்த கல்யாணந்தான் லேசாத் தடம் வச்சிருக்கு."

"அதெல்லாஞ் சரிய்யா. தண்ணியக் குடிச்சவன் மேலயே எப்பிடிய்யா கேசு வந்துச்சு?" என்றாள்.